பதினாலாம் எண்ணுக்கு நேரே போட்ட கோடுகள்

தரைக்காரர் முப்பது வருடமாகத் தொழில்முறைக் கூடைப்பந்து ஆட்டங்களில் எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பந்துகூட வளையத்துக்குள் போனதை அவர் பார்த்ததில்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் அவர் அதை வெளியில் சொல்வதுமில்லை.

அவருடைய வேலை அப்படி. வளையத்துக்குக் கீழே, கோட்டுக்கு வெளியே ஒரு குட்டை முக்காலி. மடியில் நாலைந்து துண்டுகள். யாராவது ஆட்டக்காரர் விழுந்து எழுந்தால் விழுந்த இடத்தில் வியர்வை நிற்கும். நடுவர் கையைக் காட்டியதும் ஓடிப்போய், மண்டி போட்டு, துடைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். கொஞ்சம் ஈரம் விட்டுப்போனாலும் அடுத்து வருகிறவன் வழுக்கி முட்டியை உடைத்துக்கொள்வான். அதனால் பத்தாயிரம் பேர் அண்ணாந்து பார்த்துக் கத்தும்போது தரைக்காரர் ஒருவர்தான் குனிந்திருப்பார். யார் ஜெயித்தார்கள் என்பதை வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

ஆட்டம் முடிந்ததும் துண்டு அறைக்குப் போய், சுவரில் எழுதியிருக்கும் ஆட்டக்காரர் எண்களுக்கு நேரே சாக்பீஸால் கோடு போடுவார். ஒரு தடவை துடைத்தால் ஒரு கோடு. யார் எத்தனை தடவை விழுகிறார்கள் என்று தெரிந்தால் அடுத்த ஆட்டத்துக்கு எத்தனை துண்டு எடுத்துப்போக வேண்டும் என்று தெரியும். யாரும் சொல்லிச் செய்ததில்லை. பல் தேய்ப்பதுபோல ஒரு பழக்கம். கை தானாகப் போட்டுவிடும்.

அந்தச் சுவரில் பதினாலாம் எண்ணுக்கு நேரேதான் கோடுகள் அதிகம். பதினாலு என்பவன் தரைக்காரரின் மச்சினன், பெண்டாட்டியின் தம்பி. வயது இருபத்தேழு. ஐந்து வருடமாக மாற்று ஆட்டக்காரன். ஆட்டம் கையைவிட்டுப் போன பிறகு கடைசி நாலு நிமிடத்துக்குப் பயிற்சியாளர் அவனை இறக்கிவிடுவார். அந்த நாலு நிமிடத்தில் அவன் ஆறு தடவை விழுவான். எல்லைக்கு வெளியே போகிற பந்து, யாருக்கும் வேண்டாத பந்து, எல்லாவற்றுக்கும் பாய்வான். பந்து அநேகமாகக் கிடைக்காது.

"மாப்ளே, தரைமேல உனக்கு என்னடா அவ்வளவு ஆசை?" என்பார் தரைக்காரர்.

"நீங்க சும்மா உக்காந்து சம்பளம் வாங்கறீங்களேன்னு மனசு கேக்கல மாமா. ஏதோ என்னால முடிஞ்ச வேலை குடுக்கறேன்" என்பான்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மச்சினன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் ஓடிவந்தான். அணியில் வழக்கமாக ஆரம்பத்தில் இறங்குகிறவனுக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டதாம். வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் இவன்.

"அக்கா, முதல் விசில்லயே இறங்கறேன்! அஞ்சு வருஷத்துல முதல் தடவை. ஒரே ஒரு தடவை அப்படி இறங்கிட்டா போதும், அப்புறம் வாழ்நாள் முழுக்க பெஞ்சை தேய்க்கச் சொன்னாலும் தேய்ப்பேன்."

அக்காக்காரி சட்டையின் எண்ணில் நூல் பிரிந்திருப்பதைப் பார்த்துவிட்டு உடனே ஊசி தேடப் போனாள். தரைக்காரர் வெள்ளிக்கிழமைக்குக் கூடுதலாகப் பத்துத் துண்டு எடுத்துவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அந்த வீட்டில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

இனி வாரியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இப்போது ஆடுகிறவர்களில் யார் தலைசிறந்தவர் என்ற கேள்வி அந்த ஊரை ஒரு காலத்தில் ஆட்டிவைத்தது. கொக்கு என்று பட்டப்பெயர் கொண்டவர்தான் என்பார் ஒருவர். கொக்கா, அவன் தூரத்திலிருந்து எறிகிறவன், நெஞ்சு கொடுத்து ஆடத் தெரியுமா, இரும்புதான் சிறந்தவர் என்பார் இன்னொருவர். முடிதிருத்துகிறவர் பாதித் தலையோடு ஆளை எழுப்பி அனுப்பியிருக்கிறார். அறுவை சிகிச்சை அறையில் நோயாளியின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு டாக்டர்கள் முக்கால் மணி நேரம் வாதாடினார்கள். மயக்கம் தெளிந்த நோயாளி மூன்றாவதாக ஒரு பெயரைச் சொன்னார். கூடப்பிறந்த அண்ணன் தம்பி இதற்காக வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பினார்கள். இதில் எல்லாம் முட்டாள்தனம் இருந்தது. ஆனால் உயிரும் இருந்தது. உயிர் இருக்கும் இடத்தில் சத்தம் இருக்கும். சத்தம் அரசாங்கத்துக்கு ஆகாது.

ஆகவே தற்போதைய தலைசிறந்த ஆட்டக்காரர் முடிவு வாரியம் அமைந்தது. வருடத்துக்கு ஒரு தடவை ஒரு பெயரை அறிவிப்பார்கள். அறிவித்த பிறகு யாரும் அதைப் பற்றி விவாதிக்கக் கூடாது. முதல் வருடம் அறிவிக்கப்பட்ட ஆட்டக்காரர் மறுநாளே ஆட்டத்தில் வரிசையாக ஒன்பது பந்துகளைத் தவறவிட்டார். ஊர் சிரித்தது. அன்றைக்கே ஒரு விதியைச் சேர்த்தார்கள். அதை ஊர் கவனிக்கவில்லை, கவனித்தவர்கள் பேசவில்லை. ஆறு வருடம் ஆகிறது. இப்போது முடிதிருத்தும் கடைகளில் கத்தரியின் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் துண்டு அறைக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். தீயணைப்புக் கருவி சோதனைக்கு வந்தவர்கள் என்று நினைத்துத் தரைக்காரர் மூலையில் இருந்த சிவப்பு உருளையைக் காட்டினார். அவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூத்தவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு கோடுகளுக்குக் கிட்டே போனார், மூச்சு பட்டு அழிந்துவிடும் என்பதுபோல.

"இது யார் போட்டது?"

"நான்தாங்க."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லலைங்க. பழக்கம்."

"ஆட்டம் பாப்பீங்களா?"

"இல்லைங்க. தரையத்தான் பாப்பேன்."

"உங்களுக்கு எந்த அணி பிடிக்கும்?"

"யார் கம்மியா வேர்க்கறாங்களோ அந்த அணிங்க."

மூத்தவரின் கண் கலங்கிவிட்டது. மற்ற இருவர் பக்கம் திரும்பினார். "ஆறு வருஷமா இப்படி ஒரு ஆளைத்தான் தேடிட்டு இருக்கோம். நிபுணர்களைக் கேட்டோம், ஒவ்வொருத்தருக்கும் ஒரு கருத்து இருந்துச்சு. புள்ளிவிவரக்காரங்களைக் கேட்டோம், அவங்களுக்கும் இருந்துச்சு. இவருக்குப் பாருங்க. விருப்பு இல்ல, வெறுப்பு இல்ல. ஆட்டத்தையே பாத்ததில்ல. இதைவிட சுத்தமான சாட்சி எங்க கிடைக்கும்?"

தரைக்காரர் குறுக்கே வந்தார். "ஐயா, இது விழுந்ததுக்குப் போட்ட கோடுங்க. யாரு எத்தனை தடவை விழுந்தாங்கன்னு..."

மூத்தவர் கையை உயர்த்தினார். "கோடு போட்டவர் கோட்டுக்கு விளக்கம் சொல்லக் கூடாது. விளக்கம்னா அதுக்கு மறுவிளக்கம் வரும். மறுவிளக்கம் வந்தா விவாதம். நீங்க போட்டீங்க, அத்தோட உங்க வேலை முடிஞ்சது."

படம் எடுத்துக்கொண்டு போவார்கள் என்றுதான் அவர் நினைத்தார். நாலு ஆட்கள் ரம்பத்தோடு வந்தார்கள். சுவரைச் செங்கல்லோடு அறுத்து, கம்பளியில் சுற்றி, தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதன் வழியாகத் தெரு தெரிந்தது. தெருவில் போனவர்கள் இந்தப் பக்கம் பார்க்காமல் நடையை எட்டிப் போட்டார்கள்.

புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஒலிபெருக்கிகள் அறிவித்தன. தற்போதைய தலைசிறந்த ஆட்டக்காரர், எண் பதினாலு. முடிவு முடிவானது.

ஊரே திகைத்தது. திகைத்தது என்று எப்படித் தெரியும் என்றால், யாரும் திகைக்கவில்லை. பஸ்ஸில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, இருமலாக மாற்றிக்கொண்டார். பக்கத்து வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்று, "முடிவு சரியான முடிவு" என்று ஒரே மாதிரி சொல்லிவிட்டுப் போனார்கள். போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

மச்சினன் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நானா? மாமா, நானா? போன ஆட்டத்துல எங்க ஆளுக்கே பந்தை மூஞ்சில எறிஞ்சவன் நான்!"

அவன் சிரித்து முடிக்கும் முன் வாசலில் கார் நின்றது. இறங்கியவர் ஒல்லியாக இருந்தார். கையில் ஒரு அளவுநாடா. வாரியத்தில் அவரை அளவர் என்பார்கள். வாசற்படியில் வைத்தே மச்சினனின் உயரத்தையும் கை நீளத்தையும் அளந்து எழுதிக்கொண்டார்.

"கிளம்பலாம்."

"எங்க சார்? வெள்ளிக்கிழமை எனக்கு ஆட்டம் இருக்கு."

"தலைசிறந்தவர் ஆடறதில்லை" என்றார் அளவர், மருந்துச் சீட்டைப் படிக்கிறவர் மாதிரி. "ஆடினா பந்து தவறலாம். பந்து தவறினா முடிவு தவறுன்னு ஆயிடும். முடிவு தவறாது. அதனால பந்து தவறக் கூடாது. அதனால பந்து கிடையாது."

"முதல் விசில்ல இறங்கிட்டு வெளிய வந்துடறேன் சார். ஒரு நிமிஷம். பந்தைத் தொடக்கூட மாட்டேன்."

அளவர் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நூலும் ஊசியுமாகச் சட்டையை வைத்திருந்த அக்காக்காரி வாசலுக்கு வந்தாள்.

"எப்ப திருப்பி அனுப்புவீங்க?"

"ஒரு பருவம். பன்னிரண்டு மாசம்."

"அதுக்கு அப்புறம்?"

அவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார். "இதுல அதுவரைக்கும்தாம்மா இருக்கு."

கார் போனதும் அவள் கணவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, முப்பது வருடக் கல்யாணத்தில் அப்படி ஒரு பார்வையை அவர் பார்த்ததில்லை. "உங்க கோட்டாலதான் அவன் போனான். நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க."

வியாழக்கிழமை தரைக்காரர் வாரியத்துக்குப் போனார். நீளமான தாழ்வாரம். எங்கேயும் ஒரு காலடித் தடம் இல்லாத தரை. இவ்வளவு பேர் நடக்கிற இடத்தில் தரை எப்படி இப்படி இருக்கும் என்று அவருக்குத் தொழில் முறையில் ஒரு பயம் வந்தது. சுவரில் ஆறு படங்கள். ஆறாவதில் மச்சினன், சாயம் இன்னும் காயவில்லை. முதல் ஐந்தும் முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டப்பட்டிருந்தன.

பெஞ்சில் ஒரு வயதான அம்மா, பக்கத்தில் மூன்றடுக்கு டிபன் கேரியர்.

"நீங்க எத்தனையாவது படம் தம்பி?"

"ஆறாவதுங்கம்மா."

"என் பையன் மூணாவது. கொக்குன்னு சொல்வாங்களே, அவன்தான்."

"பாத்தீங்களா அவரை?"

"படிவம் குடுப்பாங்க, எழுதிக் குடுப்பேன். நல்ல கெட்டிப் பேப்பர். சாப்பாடு மட்டும் வாங்கிக்கறாங்க, சாயங்காலம் பாத்திரம் வந்துடும்." அந்த அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அவன் சின்ன வயசுலேருந்து வெங்காயத்தைத் தொடமாட்டான் தம்பி. ஒவ்வொரு துண்டா பொறுக்கி மூடியில வைப்பான். மூணு வருஷமா பாத்திரம் சுத்தமா வருது."

அதற்குள் தரைக்காரரை உள்ளே கூப்பிட்டார்கள்.

வாரியத் தலைவர் மெதுவாகப் பேசுகிறவர். எழுந்து வந்து, கையைப் பிடித்து, நாற்காலியில் உட்கார வைத்தார். அவருக்குப் பின்னால் சுவரில், கண்ணாடிப் பெட்டிக்குள், துண்டு அறையின் சுவர்.

"ஐயா, அந்தக் கோடெல்லாம் அவன் விழுந்ததுக்குப் போட்டது. அதிகமா விழறவன் எப்படிங்க சிறந்தவன் ஆவான்?"

"தெரியும்" என்றார் தலைவர்.

"தெரியுமா?"

"அறிக்கையில முதல் பக்கத்துலயே எழுதியிருக்கோம். நாங்க முட்டாள்கள் இல்லைங்க. உங்க மச்சினன் சராசரிக்கும் கீழதான்." சிரித்தார், அன்பான சிரிப்பு. "மக்கள் என்ன நினைக்கறாங்கன்னா, யார் சிறந்தவர்னு கண்டுபிடிக்கறது எங்க வேலைன்னு. அது யாரால முடியும்? கேள்விய நிறுத்தறது எங்க வேலை. நல்ல ஆட்டக்காரரை அறிவிச்சா, அவரைவிட இவர் நல்லவர்னு பேச்சு வருது. கொக்கை அறிவிச்சப்ப எத்தனை பேரை விசாரிக்க வேண்டி வந்தது தெரியுமா? மூணு பள்ளிக்கூடத்தை வாடகைக்கு எடுத்தோம். உங்க மச்சினனைப் பாருங்க. அவரை யாரோட ஒப்பிட முடியும்? எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியாது. கொஞ்சம் கேளுங்க."

ஜன்னலைத் திறந்தார். கீழே பெரிய கடைத்தெரு. அவ்வளவு ஜனம் நடந்துகொண்டிருந்தது. செருப்புச் சத்தம் மட்டும் வந்தது.

"எவ்வளவு நிம்மதி" என்றார் தலைவர்.

தரைக்காரருக்கு அடக்கமுடியவில்லை. "அவன் தலைசிறந்தவன் இல்லைங்க!"

மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றது. அவள் ஜன்னலைச் சாத்தினாள். தலைவரின் முகத்தில் அன்பு குறையவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அது விவாதம்" என்றார். "சாதாரணமா அதுக்கு ஒரு மாடி இருக்கு. ஆனா நீங்க எங்க சாட்சி. உங்களை அங்க அனுப்பினா உங்க கோட்டுக்குக் கௌரவம் என்ன ஆகும்? உங்களுக்கு இங்கயே ஒரு வேலை தர்றோம். மச்சினனைத் தினமும் பாத்துக்கலாம். சரிதானே?"

சரி என்று சொல்வதைத் தவிர அங்கே வேறு பதிலுக்கு இடம் இருக்கவில்லை.

மச்சினனை வைத்திருந்த மாடிக்கு உறுதி மாடி என்று பெயர். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அளவர் அவரை அங்கே அழைத்துப்போய்ச் சட்டதிட்டங்களைச் சொன்னார். ஒன்பது மணிக்குத் தலைசிறந்தவரை அளப்பார்கள். முடிவு எடுத்த அன்று இருந்த அதே உயரம், அதே எடை, அதே கை நீளம் இருக்க வேண்டும். அப்புறம் தரையில் ஈரம் உறிஞ்சும் மைத்தாள் ஒன்றை வைத்து எடுப்பார்கள். தாளில் ஈரம் ஏறினால் ஆள் அசைந்திருக்கிறார். அசைந்தால் மாறியிருக்கிறார். மாறினால் அவர் முடிவு செய்யப்பட்ட ஆள் அல்ல.

"அப்ப விட்டுடுவீங்களா?" என்று கேட்டார் தரைக்காரர், கொஞ்சம் ஆசையோடு.

"இல்ல. வேற மாடி."

"எந்த மாடிங்க?"

"லிஃப்ட்ல அதுக்குப் பட்டன் கிடையாது" என்றார் அளவர். "பருவம் முடிஞ்சவங்களும் அங்கதான்." ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அறைக்குள் ஒரு நாற்காலி, தரையோடு திருகி வைத்தது. கூரை தாழ்வாக இருந்தது. மச்சினன் நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, கோடைக்கால நாயைப்போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றித் தரை முழுக்க வியர்வை. இங்கே ஒரு கை, அங்கே ஒரு தோள், கதவோரம் முழு உடம்பு. தரைக்காரருக்கு அந்தத் தடங்களைப் படிக்கத் தெரியும். ஒரு முழு ஆட்டம் அங்கே கிடந்தது.

"மாமா" என்றான். "இன்னிக்கு வெள்ளிக்கிழமை. முதல் விசில்லயே இறங்கிட்டேன்."

"விசில் யாருடா அடிச்சா?"

"நானேதான். வாயால. மெதுவா."

தரைக்காரர் மண்டி போட்டார். முப்பது வருடத்தில் அவ்வளவு வேகமாகத் துடைத்ததில்லை. பழக்கத்தில் கையோடு கொண்டுவந்திருந்த ஆறு துண்டுகளும் பிழிகிற ஈரமாக ஆயின. துண்டுகளைச் சட்டைக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டார். அளவரின் காலடி தாழ்வாரத்தில் கேட்டபோது தரை கண்ணாடியாக இருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டபடி எழுந்தார். எழுந்தபோது அவருடைய வலது கை சட்டைப்பையில் கிடந்த சாக்பீஸை எடுத்து, கதவோரச் சுவரில் ஒரு கோடு போட்டது. பழக்கம். அவர் அதை உணர்ந்தபோது அளவர் உள்ளே வந்துவிட்டார்.

அளந்தார். எல்லாம் சரி. மைத்தாளை வைத்தார். எடுத்தார். உலர்ந்திருந்தது. திரும்பியபோது கோட்டைப் பார்த்தார்.

"இது என்ன?"

உண்மையைச் சொன்னால் பட்டன் இல்லாத மாடி. தரைக்காரர் மச்சினனைப் பார்க்கவில்லை. "பதினாலுங்க" என்றார். "பதினாலுக்குப் போட்டதுங்க."

அளவர் வெளியே ஓடினார். பத்து நிமிடத்தில் தலைவரே வந்துவிட்டார். கோட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் கைகட்டி நின்றார்.

"யாரும் கேக்காமலே" என்றார், குரல் தழுதழுக்க. "யாரும் கேக்காமலே சாட்சி மறுபடியும் உறுதி செஞ்சிருக்காரு. வாரியத்தோட வரலாற்றிலயே கிடையாது. எழுதிக்கங்க. ஒரு கோட்டுக்கு ஒரு பருவம் நீட்டிப்பு."

மறுநாள் தரைக்காரர் சாக்பீஸை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். அன்றைக்கும் தரை ஈரம். துடைத்தார். அளவர் அளந்தார், தாளை வைத்தார், எடுத்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"இன்னிக்குக் கோடு இல்லையே. நேத்தைக்கு இன்னிக்குக் குறைஞ்சுட்டாரா?"

"இல்லைங்க..."

"குறைஞ்சிருந்தா சொல்லிடுங்க. மேல எழுதணும்." பேனாவைத் திறந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு புதுச் சாக்பீஸ் டப்பாவையும் எடுத்து நீட்டினார். வாரியத்தின் முத்திரை குத்திய டப்பா.

தரைக்காரர் கோடு போட்டார்.

அதிலிருந்து தினமும் ஒரு கோடு. போட்டால் ஒரு வருடம் கூடும். போடாவிட்டால் ஆளே கிடையாது. இதை வீட்டில் எப்படிச் சொல்வது? பெண்டாட்டி அவரை வீட்டுக்குள் விட்டுவிட்டாள், தம்பியைத் தினமும் பார்க்கிறவர் என்பதால். சாயங்காலம் வந்ததும் கேட்பாள்.

"எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான்."

"ஆடறானா?"

"ஆடறான்."

"எப்ப வருவான்னு சொன்னாங்க?"

"கேட்டுட்டு இருக்கேன்" என்பார். நூல் பிரிந்த எண்ணை அவள் தைத்து முடித்து, சட்டையை மடித்து அலமாரியில் வைத்திருந்தாள். அது கண்ணில் படாமல் இருக்க அவர் அந்த அலமாரியைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

முதல் வாரம் ஆறு துண்டு. இரண்டாவது மாதம் நாலு. சில நாள் மச்சினன் ஆட்டத்தின் முடிவைச் சொல்வான். "இன்னிக்கு ரெண்டு புள்ளியில தோத்தோம் மாமா. கடைசி பந்து என்னாலதான் போச்சு." அன்றைக்கெல்லாம் தரைக்காரருக்கு மனம் லேசாக இருக்கும். தோற்கிறவன் ஆடுகிறான் என்று அர்த்தம். குளிர்காலம் வந்தபோது இரண்டு துண்டு போதுமானதாக இருந்தது. அப்புறம் ஒன்று. அப்புறம் ஒரு துண்டின் மூலை.

மாதத்துக்கு ஒரு நாள் தலைவர் விருந்தாளிகளோடு வருவார். கதவில் பதித்த சின்னக் கண்ணாடி வழியாகக் காட்டி, "பாருங்க, தவறவே இல்லை" என்பார். எல்லாரும் கைதட்டுவார்கள். முதல் தடவை மச்சினன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்றாவது தடவை நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கதவோரச் சுவரில் நூற்றுப் பன்னிரண்டு கோடுகள் ஆகியிருந்தன. இருபத்தேழு வயதுக்காரனுக்கு நூற்றுப் பன்னிரண்டு பருவம்.

மறுநாள் காலை தரைக்காரர் துண்டோடு மண்டி போட்டார். தரை உலர்ந்திருந்தது. நாற்காலிக்கு அடியில் பார்த்தார், கதவோரம் பார்த்தார், உள்ளங்கையால் தடவினார். ஒரு சொட்டு இல்லை. மச்சினன் முழங்கால் மேல் கைகளை வைத்து நேராக உட்கார்ந்திருந்தான். அவன் காலணியின் அடிப்பாகம் புதிதுபோல வெள்ளையாக இருந்தது. தரைக்காரர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருடமாக அவன் விழுந்த இடங்களைத்தான் பார்த்திருக்கிறார், முகத்தை இப்படிப் பார்த்ததில்லை.

"மாப்ளே, உடம்பு சரியில்லையா? இன்னிக்கு ஆட்டம் இல்லையா?"

"ஆட்டமா?" மச்சினன் பொறுமையாகச் சிரித்தான். தலைவரின் சிரிப்பு மாதிரியே இருந்தது. "எதுக்கு மாமா? அதெல்லாம் பேர் வாங்கணும்னு நினைக்கறவன் ஆடறது. நான்தான் தலைசிறந்தவன்னு முடிவாயிடுச்சே. அதைப் பத்தி இனி பேசாதீங்க. விவாதம் ஆயிடும்."

தாழ்வாரத்தில் காலடி கேட்டது. அளவர் வந்தார், அளந்தார், தாளை வைத்து எடுத்தார். பிறகு பேனாவோடு சுவர் பக்கம் திரும்பிக் காத்திருந்தார்.

தரைக்காரருக்கு ஊர் முழுக்கக் கேட்கிறமாதிரி வாய்விட்டுக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. சாக்பீஸை எடுத்தார்.

முப்பது வருடத்தில் துடைக்காமல் அவர் போட்ட முதல் கோடு அது. மற்ற எல்லாக் கோடுகளையும்விட இது நேராக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அளவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.